உறுமிக்கும் வயலினுக்கும் ஒரே உராய்வு

மலேசியாவின் பேராக் மாநிலத்துப் பழைய ரப்பர் தோட்டங்களில் உறுமி இல்லாமல் மாரியம்மன் திருவிழா நடந்ததில்லை. இடை சிறுத்த அந்தத் தோற்கருவியின் ஒரு முகத்தை அடிப்பார்கள். மறு முகத்தை வளைந்த குச்சியால் அழுத்தித் தேய்ப்பார்கள். சாமியாடியை உலுக்கி எழுப்பும் முனகல் அந்தத் தேய்ப்பில்தான் பிறக்கிறது. குச்சி தோலோடு ஒட்டிக்கொண்டு அதைக் கொஞ்சம் இழுக்கிறது. ஓரளவுக்கு மேல் தோல் இடம்கொடுக்காது; வழுக்கிப் பின்வாங்கும். குச்சி மறுபடி ஒட்டும், தோல் மறுபடி வழுக்கும். இது நொடிக்குப் பலமுறை நடக்கும்போது காதுக்கு எட்டுவது உறுமல்.

வயலின் வில்லும் இதையே செய்கிறது. ஆர்க்கெஸ்ட்ரா சுருதி சேர்க்கும் 440 ஹெர்ட்ஸ் ஒலியை வயலின் எழுப்பும்போது, வில்லின் மயிர் தந்தியோடு நொடிக்கு 440 முறை ஒட்டி, 440 முறை வழுக்குகிறது. ஜெர்மானிய அறிஞர் ஹெல்ம்ஹோல்ட்ஸ் 19ஆம் நூற்றாண்டிலேயே நுண்ணோக்கி வழியாக இந்த அசைவைப் பார்த்து விளக்கினார். வேறுபாடு ஒன்று உண்டு. தந்தியில் ஓடும் அலை முனைவரை போய்த் திரும்பும் நேரம் மாறாதது. அதனால் சுருதி ஓரிடத்தில் நிற்கிறது. தோலில் அப்படிப்பட்ட பிடிமானம் இல்லை. குச்சியின் அழுத்தம் கூடக் குறைய உறுமியின் ஒலி ஏறி இறங்கி வழுக்குகிறது.

உராய்வு ஒன்றாக இருந்தும் இந்த இரண்டு கருவிகளும் ஒரே மேடைக்கு வருவது அபூர்வம். அவற்றோடு மின் கித்தாரும் டிரம்ஸும் சேர்ந்தால் எப்படி இருக்கும்? ஜாஸ் ராக்கின் வேகத்தையும் சிம்பொனியின் விரிவையும் நம் தாளத்தையும் ஒரே இசையில் நிறுத்த முடியுமா? "ரசனையைப் பொறுத்தது" என்று சொல்லி நகர்ந்துவிடலாம். ஆனால் இந்தக் கேள்வியின் பெரும்பகுதிக்கு இயற்பியலும் காதின் அறிவியலும் பதில் வைத்திருக்கின்றன.

உறுமி மலேசியாவுக்கு வந்த வழியை முதலில் சுருக்கமாகப் பார்ப்போம். 1877இல் சிங்கப்பூரிலிருந்து வந்த ரப்பர் கன்றுகள் கோலகங்சாரில் நடப்பட்டன. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ரப்பர் விலை எகிறியபோது, கங்காணிகள் தமிழ்நாட்டுக் கிராமங்களிலிருந்து கூட்டங்கூட்டமாக ஆள் சேர்த்து வந்தார்கள். சுங்கை சிப்புட், தாப்பா, பீடோர், தெலுக் இந்தான் வட்டாரங்களில் தொழிலாளர் குடியிருப்பு வரிசைகளான லயங்கள் எழுந்தன. லயத்துக்கு ஒரு கோயில், கோயிலுக்கு ஒரு மேளம். பின்னாளில் பால்மரங்களை வெட்டிச் செம்பனை நட்டார்கள். தோட்டங்கள் துண்டாடப்பட்டன, விற்கப்பட்டன. மக்கள் ஈப்போவின் புந்தோங் போன்ற பட்டணத்துப் பகுதிகளுக்கும் தாமான் எனப்படும் வீடமைப்புப் பகுதிகளுக்கும் பெயர்ந்தார்கள். உறுமியும் கூடவே பெயர்ந்தது. இன்று மலேசியத் தமிழ் இளைஞர்களிடையே உறுமி மேளக் குழுக்களுக்குக் குறைவில்லை. அதே இளைஞர்களின் வீட்டில் வானொலியும் ஒலிநாடாவும் இசையமைப்பாளர் இளையராஜாவைக் கொண்டுவந்து சேர்த்திருந்தன. வயலின் கூட்டமும் பேஸ் கித்தாரும் தவிலும் ஒரே பாட்டுக்குள் வருவது இங்கே யாருக்கும் புதிதல்ல.

உலக மேடையில் இந்தச் சேர்க்கைக்கு முன்னோடிகள் உண்டு. ஜாஸ் கலைஞர் மைல்ஸ் டேவிஸின் ஜாஸ் ராக் பதிவுகளில் வாசித்த ஆங்கிலேயக் கித்தார் கலைஞர் ஜான் மெக்லாஃப்லின் 1971இல் மகாவிஷ்ணு ஆர்க்கெஸ்ட்ராவைத் தொடங்கினார். பெயரில் ஆர்க்கெஸ்ட்ரா இருந்தாலும் முதலில் அது ஐந்து பேர் குழுதான். 1974இல் பெயருக்கேற்ற காரியம் நடந்தது. மைக்கேல் டில்சன் தாமஸ் நடத்த, லண்டன் சிம்பொனி ஆர்க்கெஸ்ட்ராவோடு சேர்ந்து 'அபோகலிப்ஸ்' இசைத்தட்டை அந்தக் குழு பதிவு செய்தது. தயாரித்தவர் பீட்டில்ஸின் தயாரிப்பாளரான ஜார்ஜ் மார்ட்டின். அடுத்த ஆண்டே மெக்லாஃப்லின், வயலின் எல். சங்கர், தபலா ஜாகிர் உசேன், கடம் டி.எச். விநாயக்ராம் ஆகியோரோடு 'சக்தி' குழுவாக மேடையேறினார். சங்கரும் அவருடைய அண்ணன் எல். சுப்பிரமணியமும் யாழ்ப்பாணத்தில் வளர்ந்து, 1958 கலவரத்துக்குப் பிறகு சென்னைக்கு வந்த குடும்பத்தின் பிள்ளைகள். சுப்பிரமணியம் 1985இல் சுபின் மேத்தா நடத்திய நியூயார்க் பில்ஹார்மோனிக்கோடு தன் சொந்த ஆக்கத்தை வாசித்தார். 1986இல் இளையராஜாவின் 'ஹௌ டு நேம் இட்?' வந்தது, தியாகராஜருக்கும் ஜெர்மானிய இசையமைப்பாளர் பாக்குக்கும் காணிக்கையாக்கப்பட்ட தொகுப்பு அது. மலேசியாவிலும் டிரம்ஸ் கலைஞர் லூயிஸ் பிரகாசத்தின் 'ஆசியாபீட்' குழு ஆசியத் தாளங்களை ஜாஸோடு இணைத்து வாசித்தது.

இவர்கள் ஒவ்வொருவரும் நான்கு தகராறுகளைத் தீர்க்க வேண்டியிருந்தது. சுருதி, நேரம், சத்தம், இடம் என்று அவற்றைப் பிரித்துப் பார்க்கலாம்.

சுருதித் தகராறு

பியானோவும் கித்தாரும் ஒரு ஸ்தாயியைப் பன்னிரண்டு சம பாகங்களாகப் பிரிக்கின்றன. ஒரு பாகத்தை, அதாவது ஓர் அரைச்சுரத்தை, 100 சென்ட் என்று அளப்பது வழக்கம். தம்பூராவின் கணக்கு வேறு. அதன் ஒரு தந்தி அதிரும்போது அடிப்படை ஒலியோடு அதன் இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து மடங்கு அதிர்வுகளும் கூடவே ஒலிக்கும். ஐந்தாவது மடங்கில் கேட்பது அந்தர காந்தாரம். கர்நாடக வயலின் அந்த இடத்தில் வந்து அமரும்போது அது ஆதார சட்ஜத்திலிருந்து 386 சென்ட் உயரத்தில் இருக்கிறது. கித்தாரின் காந்தாரமோ 400 சென்ட்டில் நிற்கிறது. பதினான்கு சென்ட் அற்பமாகத் தோன்றலாம். சட்ஜம் 440 ஹெர்ட்ஸ் என்று வைத்துக்கொண்டால் ஒன்று 550, மற்றது ஏறக்குறைய 554.4. இரண்டும் சேர்ந்து ஒலிக்கும்போது நொடிக்கு நான்கு முறைக்கு மேல் சத்தம் ஏறி இறங்கித் துடிக்கும். காது அதைப் பிசகு என்றே கேட்கும்.

பஞ்சமத்தில் நிலைமை வேறு. இயற்கைப் பஞ்சமம் 702 சென்ட், கித்தாரின் பஞ்சமம் 700. இந்த வித்தியாசத்தைத் தேர்ந்த காதும் பொருட்படுத்தாது. ராக் கித்தார்க்காரர்கள் தற்செயலாகக் கண்டுபிடித்த ஒரு வழக்கத்தின் பொருள் இங்கே விளங்குகிறது. ஒலிபெருக்கியை அதன் எல்லைக்கு மேல் முடுக்கும்போது ஒலியலையின் தலை வெட்டுப்பட்டுக் கரகரப்பு உண்டாகிறது. அப்போது வாசிக்கும் இரண்டு சுரங்களின் கூட்டலும் கழித்தலுமான புதிய அதிர்வுகளும் பிறக்கின்றன. 110 ஹெர்ட்ஸும் அதன் பஞ்சமமான 165 ஹெர்ட்ஸும் சேர்ந்தால் கழித்தல் 55. அது அதே சட்ஜத்தின் கீழ் ஸ்தாயி. ஆக இரண்டு தந்தி வாசித்தால் மூன்றாவதாக ஒரு கனத்த அடித்தளம் இலவசமாக வருகிறது. இதே கரகரப்பில் காந்தாரத்தைச் சேர்த்தால்? 110க்கும் 138.6க்கும் உள்ள கழித்தல் 28.6. சுருதியோடு சேர வேண்டுமானால் அது 27.5 ஆக இருக்க வேண்டும். அரைச்சுரத்தில் மூன்றில் இரண்டு பங்கு விலகல். கேட்பது வெறும் சேறு. கனத்த ராக் இசை காந்தாரத்தைத் தள்ளிவைத்து சட்ஜம், பஞ்சமம் இரண்டோடு நின்றுகொள்வதற்கு இதுதான் காரணம்.

தம்பூராவில் நாம் மீட்டுவதும் பெரும்பாலும் ச-ப-ச தான். முடுக்கிய மின் கித்தாரும் தம்பூராவும் வெவ்வேறு காரணங்களுக்காக ஒரே இடத்தில் வந்து நிற்கின்றன. ஜாஸ் ராக்குக்கும் கர்நாடக இசைக்கும் இயல்பான வாசல் இந்தச் சட்ஜ பஞ்சமம் என்றே நான் நினைக்கிறேன். பின்னணியிலிருந்து காந்தாரத்தை எடுத்துவிட்டால் அதைத் தன் விருப்பப்படி தொட வயலினுக்கோ குரலுக்கோ வழி கிடைக்கும். ஆர்க்கெஸ்ட்ராவின் வயலின், செல்லோ கலைஞர்களுக்கும் இது உதவும். அவர்களுடைய கருவிகளில் கித்தாரைப்போல் சுரத்தை நிர்ணயிக்கும் கட்டைகள் இல்லை, விரல் எங்கும் நகரலாம். பிடிவாதம் பிடிப்பது கித்தாரும் விசைப்பலகையும்தான்.

அந்தப் பிடிவாதத்தைத் தளர்த்த மெக்லாஃப்லின் கருவியையே மாற்றினார். அமெரிக்காவின் வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் எஸ். ராமநாதனிடம் வீணை கற்ற அவர், சக்தி நாட்களில் வாசித்த கித்தாரில் கட்டைகளுக்கு இடைப்பட்ட மரத்தைக் குழிவாகச் செதுக்கச் செய்தார். தந்தியைக் குழிக்குள் அழுத்தினாலும் பக்கவாட்டில் இழுத்தாலும் அதன் விறைப்பு கூடும், சுருதி ஏறும். அதிர்வெண் விறைப்பின் வர்க்கமூலத்தைப் பின்பற்றுவது. இரண்டு அரைச்சுரம் ஏற்ற விறைப்பை 26 சதவீதம் கூட்ட வேண்டும். குழிவான மரம் விரலுக்கு அந்த வசதியைத் தருகிறது. வீணையில் கமகம் பிறப்பதும் இதே விதிப்படிதான்.

நேரத் தகராறு

சுருதி சேர்ந்தாலும் தாளம் சேர வேண்டும். காற்றில் ஒலி நொடிக்கு ஏறக்குறைய 345 மீட்டர் செல்கிறது; மீட்டருக்குச் சுமார் மூன்று மில்லி நொடி. பெரிய ஆர்க்கெஸ்ட்ராவின் ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்கு 18 மீட்டர் என்றால் 50 மில்லி நொடிக்கு மேல் பிடிக்கும். மெதுவான சிம்பொனிப் பகுதியில் இதை யாரும் கவனிக்க மாட்டார்கள். ஜாஸ் ராக்கில் நிமிடத்துக்கு 160 துடிப்பு, துடிப்புக்கு நான்கு அடி என்று டிரம்ஸ் ஓடும்போது அடிக்கும் அடிக்கும் இடைவெளி 94 மில்லி நொடிதான். மேடையின் ஓரத்தில் இருக்கும் கலைஞர் காதை நம்பி வாசித்தால் பாதி அடி பின்தங்கிவிடுவார்.

கருவியின் இயல்பும் இதைக் கூட்டுகிறது. குச்சி பட்ட சில மில்லி நொடியில் டிரம்ஸ் உச்சத்தைத் தொட்டுவிடும். வில்லால் இழுக்கும் செல்லோ முழு ஒலிக்கு வர அதைப்போலப் பல மடங்கு நேரம் வேண்டும். ஒளிக்குத் தாமதம் இல்லாததால் ஆர்க்கெஸ்ட்ரா நடத்துநரின் கோலைப் பார்த்து வாசிக்கிறது. ராக் குழு நெருங்கி நின்று டிரம்ஸைக் கேட்டு வாசிக்கிறது. இரண்டையும் இணைக்கும்போது இன்று பெரும்பாலும் காதுக்குள் தாளச் சொடுக்கை ஒலிக்கவிடுகிறார்கள். வேகமான அடிகளைத் தாளக்காரர்களிடம் விட்டு, நீண்டு ஒலிக்கும் சுரங்களை வயலின் கூட்டத்துக்குக் கொடுப்பது இன்னொரு வழி. நீண்ட சுரத்தில் 50 மில்லி நொடி தெரியாது.

தாளத்தின் நீளம் வேறொரு சிக்கல். மகாவிஷ்ணு ஆர்க்கெஸ்ட்ராவின் 1973ஆம் ஆண்டு இசைத்தட்டான 'பேர்ட்ஸ் ஆஃப் ஃபயர்' தலைப்பு இசை 18 அடிச் சுற்றில் ஓடுகிறது. நான்கு நான்காக எண்ணிப் பழகியவருக்கு அது புதிர். தாளச் சொற்களை வாயால் சொல்லும் கொன்னக்கோல் கலையை அறிந்தவர் தகிட, தகதிமி, தகதகிட என்று மூன்றும் நான்கும் ஐந்துமாக உடைத்துக்கொள்வார். நீண்ட வரிசையைச் சின்னக் கட்டுகளாகக் கட்டி நினைவில் வைப்பது மூளையின் பொதுவான பழக்கம். நம் தாள மரபு அந்தக் கட்டுகளுக்குச் சொல் கொடுத்து, வாயால் பாடிப் பயிலும் கருவியாக்கிவிட்டது. மும்முறை வாசிக்கும் கோர்வை என்ற தாள வரிசை, மூன்றாம் முறை சமத்தில், அதாவது சுற்றின் முதல் அடியில், வந்து விழும்போது கேட்பவர் முன்கூட்டியே தலையசைப்பது மூளை கணித்த நேரமும் வந்த நேரமும் பொருந்துவதால்தான். மெக்லாஃப்லின் பின்னாளில் விநாயக்ராமின் மகன் செல்வகணேஷோடு சேர்ந்து கொன்னக்கோல் கற்பிக்கும் காணொளியே வெளியிட்டார்.

சத்தத் தகராறு

ஒரு வயலினோடு இன்னொன்று சேர்ந்தால் சத்தம் இரட்டிப்பதில்லை. 3 டெசிபல்தான் கூடும். 16 வயலின்கள் சேர்ந்து ஒற்றை வயலினைவிட 12 டெசிபல் அதிகம் தரும். அதற்கு மேலும் 12 டெசிபல் வேண்டுமென்றால் 256 வயலின்கள் தேவை. எந்த மேடையும் தாங்காது. கித்தார்க்காரருக்கோ அதே 12 டெசிபல் ஒரு திருகில் கிடைக்கிறது. ஆட்களைக் கூட்டி இந்தப் போட்டியில் ஆர்க்கெஸ்ட்ரா ஜெயிக்கவே முடியாது. வயலின்களுக்கு ஒலிவாங்கி வைப்பது ஒரு தீர்வு. ஆனால் அது பக்கத்து டிரம்ஸையும் சேர்த்தே பிடித்துக்கொள்ளும்.

மொத்தச் சத்தத்தைவிட மோசமானது மறைப்பு. லயத்துத் தகரக் கூரையில் மழை கொட்டும்போது அடுத்த அறையில் பேசுவது கேட்காமல் போவதைப்போல, ஓர் அலைவரிசையில் ஓங்கிய ஒலி அதே வரிசையிலும் அதற்கு மேலும் உள்ள மெல்லிய ஒலிகளை விழுங்கிவிடும். கரகரக்கும் கித்தாரின் வலு ஏறக்குறைய 1,000 முதல் 4,000 ஹெர்ட்ஸ் வரை பரவிக் கிடக்கும். வயலினின் தெளிவும் அங்கேதான் இருக்கிறது. இரண்டும் ஒரே நேரத்தில் ஓங்கினால் வயலின் தோற்கும். 'அபோகலிப்ஸ்' இசையில் பல இடங்களில் ஆர்க்கெஸ்ட்ராவும் குழுவும் முறை வைத்து முன்னே வருவதைக் கேட்கலாம். தயக்கத்தால் அப்படிச் செய்தார்கள் என்று சில விமர்சகர்கள் குறை சொல்லக்கூடும். காதின் கணக்குப்படி அது சரியான முடிவு.

ஆல்பர்ட் பிரெக்மன் என்ற கனடிய உளவியலாளர் 1990இல் வெளியிட்ட நூலில் காது ஒலிகளைத் தொகுக்கும் விதத்தை விரிவாக எழுதினார். ஒரே கணத்தில் தொடங்கி, ஒரே மடங்கு வரிசையில் அமைந்து, ஒன்றாக ஏறி இறங்கும் ஒலிகளை மூளை ஒரே பொருளாகக் கட்டிவிடும். தொடக்கம் முந்திப் பிந்தினால், ஸ்தாயி விலகினால், அசைவு வேறுபட்டால் தனித்தனிப் பொருளாகப் பிரிக்கும். இசையமைப்பாளருக்கு இது நேரடிப் பாடம். வண்ணம் குழைய வேண்டிய இடத்தில் எல்லாவற்றையும் ஒன்றாகத் தொடங்கலாம். தனித்துத் தெரிய வேண்டியதை விலக்கி வைக்க வேண்டும். பாக்கின் பல்குரல் இசை இப்படித்தான் நிற்கிறது: ஒரு குரல் ஓடும்போது மற்றது நிற்கும், ஒன்று ஏறும்போது மற்றது இறங்கும். இளையராஜா தன் தொகுப்பில் பாக்கின் தனி வயலின் இசையை எடுத்துத் தன் இசையோடு உரையாட விட்டபோது அந்த ஒழுக்கம்தான் துணை நின்றது. தனித்தனியாகக் கேட்கும் குரல்கள்தான் சேர்ந்து கேட்கும்போது கலவையாகின்றன. எல்லாரும் எல்லா நேரமும் ஒலித்தால் மிஞ்சுவது இரைச்சல்.

இடத் தகராறு

நான்காவதை ஈப்போக்காரர்களுக்கு எளிதாக விளக்கலாம். குனோங் சீரோவின் அடிவாரத்தில் கல்லுமலை சுப்பிரமணியர் கோயிலின் குகைப் பகுதியில் கைதட்டினால் ஒலி உடனே சாவதில்லை. சுண்ணாம்புப் பாறை அதை உறிஞ்சாமல் திருப்பித் திருப்பி அனுப்புகிறது. வெளியே தைப்பூசக் கூட்டம் நிற்கும் வெட்டவெளியில் அதே கைதட்டல் அப்போதே முடிந்துவிடும். உறுமி மேளம் வெட்டவெளியில் வளர்ந்தது. அடியை எவ்வளவு நெருக்கிப் போட்டாலும் முந்தையது அடுத்ததோடு மோதாது. அதே வாசிப்பைக் குகைக்குள் நிகழ்த்தினால் அடிகள் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து ஒரே முழக்கமாகும்.

சிம்பொனி வளர்ந்தது நேரெதிரான இடத்தில். அமெரிக்க இயற்பியலாளர் வாலஸ் சபைன் 1895இல், பேச்சு புரியாத ஒரு விரிவுரைக் கூடத்தைச் சீர்படுத்தும் வேலையை ஏற்று, பக்கத்து அரங்கின் இருக்கை மெத்தைகளைக் கொண்டுவந்து பரப்பிப் பரப்பி எதிரொலி அடங்கும் நேரத்தை அளந்தார். கூடத்தின் கன அளவு கூடினால் அந்த நேரம் கூடும், உறிஞ்சும் பரப்பு கூடினால் குறையும் என்ற எளிய விதி அதிலிருந்து கிடைத்தது. 1900இல் திறந்த பாஸ்டன் சிம்பொனி அரங்கம் அந்த விதியின்படி எழுந்தது. நல்ல சிம்பொனி அரங்கில் ஒலி அடங்க ஏறக்குறைய இரண்டு நொடி ஆகும். வயலின்களின் ஒலி குழைந்து ஒன்றாவது அந்த இரண்டு நொடியில்தான். ஒலிபெருக்கி வைத்த ராக் இசைக்கு ஒரு நொடிக்குள் அடங்கும் கூடம் வேண்டும். பேஸ் கித்தாரும் பேஸ் டிரம்ஸும் தாழ்ந்த அதிர்வுகளில் தேங்கினால் தாளமே கரைந்துவிடும். 94 மில்லி நொடிக்கு ஓர் அடி, அடங்க இரண்டு நொடி என்றால் இருபது அடிகளின் மிச்சம் ஒரே நேரத்தில் காற்றில் இருக்கும். கோலாலம்பூர் இரட்டைக் கோபுரத்தின் அடியில் 1998இல் திறந்த பெட்ரோனாஸ் பில்ஹார்மோனிக் அரங்கில் கூரைப் பலகைகளை நகர்த்தும் வசதி இருப்பது வெவ்வேறு இசைக்கு வெவ்வேறு அடக்கம் தேவைப்படுவதால்தான்.

ஈப்போவில் ஒரு முயற்சி

நாளை ஈப்போ இளைஞர் ஒருவர் உறுமி, மின் கித்தார், டிரம்ஸ், ஆர்க்கெஸ்ட்ரா நான்குக்கும் ஓர் இசை எழுத உட்கார்ந்தால் மேலே சொன்னவை அவருடைய காகிதத்தில் இப்படி மாறும். உறுமியின் முனகல் வழுக்கிச் செல்வது. அதோடு அதே தாழ்ந்த ஸ்தாயியில் செல்லோக்களை எழுதினால் இரண்டும் கலங்கும். செல்லோவை நிறுத்திவிட்டு மேலே புல்லாங்குழலையும் வயலினையும் நீண்ட சுரங்களில் வைத்தால் உறுமிக்குத் தனி இடம் கிடைக்கும். கித்தார் கரகரக்கும் இடங்களில் சட்ஜ பஞ்சமம் போதும்; காந்தாரம் வயலினுக்கோ குரலுக்கோ. வேகமான தாளக் கட்டுகள் மேடையின் நடுவில் நெருங்கி நிற்கும் தாளக்காரர்களுக்கு. ஆர்க்கெஸ்ட்ரா முழங்கும்போது ஒலிபெருக்கிகள் ஓய வேண்டும். அரங்கில் துணித்திரைகளை இறக்கி எதிரொலியைக் குறைத்துவிட்டு, வயலின்களுக்கு வேண்டிய நீட்டிப்பை மின்னணு வழியில் அவற்றுக்கு மட்டும் சேர்க்கலாம். பதிவுக்கூடத்தில் இதே வேலை இன்னும் எளிது. ஒவ்வொரு கருவிக்கும் வேறு வேறு அறையின் எதிரொலியைக் கொடுக்கலாம்.

இந்த இசையைக் கேட்பவருக்கும் ஒரு சோதனை உண்டு. 'அபோகலிப்ஸ்' ஆனாலும் 'ஹௌ டு நேம் இட்?' ஆனாலும் உள்ளூர்க் குழுவின் புதிய பதிவானாலும், ஒரே ஒரு கருவியைத் தேர்ந்துகொண்டு தொடக்கம் முதல் முடிவு வரை அதை மட்டும் பின்தொடருங்கள். அடுத்த முறை இன்னொன்றை. எந்தக் கருவியையும் தொலைக்காமல் தொடர முடிந்தால் எழுதியவர் நான்கு தகராறுகளையும் தீர்த்திருக்கிறார். நடுவழியில் ஒன்று காணாமல் போனால் அது சுருதியிலா, நேரத்திலா, சத்தத்திலா, இடத்திலா என்று பாருங்கள். பெரும்பாலும் காரணம் அந்த நான்கில் ஒன்றாகத்தான் இருக்கும்.